‘நான் இல்லை’ என்று பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது?

நீர்வேலி வாழைக்குட்டி | வியாழன், இரவு 9.40

இங்கே நெடுநாளாக வாசிக்கிறேன். எழுதுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை கிணற்று மோட்டர் பற்றிக் கேட்டேன், நல்ல பதில் கிடைத்தது. அந்தத் துணிவில்தான் இதையும் கேட்கிறேன்.

இரண்டு வருடமாக விடியற்காலையில் சுவரைப் பார்த்தபடி இருபத்தைந்து நிமிடம் அமர்கிறேன். ஜென் முறை. புதன் இரவுகளில் வெளிநாட்டுக் குழு ஒன்றோடு இணையவழிக் கூட்டம். அதை நடத்துபவர் ஜென்னையும் அத்துவைதத்தையும் சேர்த்துப் பேசுவார். அவர் அடிக்கடி சொல்வது இது: எண்ணங்கள் வருகின்றன, போகின்றன, எண்ணுகிறவர் என்று ஒருவர் கிடையாது. எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. வேலையிடத்தில் ஏச்சு விழுந்தால், ஏசுபவரும் இல்லை, ஏச்சு வாங்குபவரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு நித்திரைக்குப் போய்விடுவேன்.

போன புதன்கிழமை அது முறிந்துவிட்டது. பெரியம்மா எங்களோடுதான் இருக்கிறார். அவருடைய மகன், என் அண்ணா, 2009 மே மாதம் வட்டுவாகலில் வைத்துக் காணப்பட்டதோடு சரி. பிறகு தகவல் இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப்பணம் கிடைக்கும் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். பெரியம்மா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டார். பிறகு, 2016இல், இறந்தவர் என்று சொல்லாமல் காணாமற்போனவர் என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்குச் சட்டம் வந்தது. அதையும் வாங்கவில்லை. அண்ணாவின் பிறந்தநாளுக்கு இன்றைக்கும் ஒடியற்கூழ் (பனங்கிழங்கு மாவில் செய்வது) காய்ச்சி, பனையோலையில் கோலிய ஒரு பிளாவில் தனியே எடுத்து வைப்பார்.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நடத்துபவர் புன்னகைத்தார். “காணாமற்போனவரும் இல்லை, தேடுகிறவரும் இல்லை. இது தெரிந்துவிட்டால் உங்கள் பெரியம்மாவின் துயரம் எங்கே?” என்றார். நான் மடிக்கணினியை மூடிவிட்டேன்.

மறுநாள் காலை அமர்ந்திருந்தபோது பெரியம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு கேட்டார்: “பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு இவ்வளவு நேரம் பார்க்கிறாயே, அவன் இருக்கிறானா, இல்லையா என்று உனக்கு ஏதாவது தெரிகிறதா?” கண் மூடுவதில்லை, பாதி திறந்திருக்கும் என்று திருத்தக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே கேள்வி: ‘நான்’ என்று ஒருவர் இல்லை என்றுதான் ஜென் சொல்கிறதா? நம்முடைய பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? தயவுசெய்து ‘எல்லாம் மாயை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள்.

தேரடிப் புறா | வியாழன், இரவு 11.05

அந்த ஒரு வரியை எழுதத்தான் வந்தேன். தடுத்துவிட்டீர்கள் தங்கச்சி.

நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி இருந்தார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியின் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் அந்தப் பக்கம் போனார். “யாரடா நீ?” என்று ஒரு அதட்டல். அவ்வளவுதான். அந்த இளைஞரைத்தான் பின்னர் யோகர் சுவாமி (1872–1964) என்று இந்த ஊர் கும்பிட்டது. கொழும்புத்துறையில் இலுப்பை மரத்தடியிலேயே இருந்துவிட்டார்.

‘நான்’ என்ற ஆள் அந்த ஒரு அதட்டலில் விழுந்துவிட்டார். ‘எப்பவோ முடிந்த காரியம்’ என்று செல்லப்பா சுவாமி சொன்னது இதுதான். நல்லூரில் நின்று கந்தரனுபூதி பாடுகிறோமே, ‘யானாகிய என்னை விழுங்கி வெறும் தானாய் நிலைநின்றது தற்பரமே’ என்று? ஆளை விழுங்கியாயிற்று. மிச்சம் யார்? ஜப்பானுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. உங்கள் குழுக்காரர் சொன்னது சரிதான். சொன்ன நேரம் பிழை.

ஓய்வுபெற்ற இரசாயனம் | வெள்ளி, காலை 5.20

பிள்ளைக்கு முதலில் ஒன்று. அந்தக் குழுக்காரர் சொன்னதற்கு நீங்கள் பெரியம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அவருக்கு அது தெரியவும் வேண்டாம்.

அடுத்ததாகப் புறா அவர்களுக்கு. செல்லப்பா சுவாமி கேட்டது ‘யாரடா நீ’ என்று. ‘நீ இல்லையடா’ என்று அவர் சொல்லவில்லை. இல்லாத ஒருவனைப் பார்த்து யாராவது அதட்டுவார்களா? அனுபூதிக்கும் அதே கேள்விதான். ‘என்னை விழுங்கி’ என்று பாடியவர் யார்? விழுங்கப்பட்டவர் வயிற்றுக்குள் இருந்து பாடினாரா?

இது சைவ சித்தாந்த மண். இங்கே பாதிப்பேர் யூடியூப்பில் அத்துவைதம் கேட்டுவிட்டு அதுதான் பாட்டனார் சொன்னது என்று நினைத்துக்கொள்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்தார். அதில் மூன்றாம் சூத்திரம் முழுவதும் உங்கள் கேள்விக்குத்தான்: ஆன்மா உண்டா? அவர் அடுக்கும் காரணங்களில் முதலாவது ‘உளது இலது என்றலின்’. உடம்பு நான் இல்லை, புலன் நான் இல்லை, மனம் நான் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகிறான். கடைசியில் ‘ஒன்றும் இல்லை’ என்கிறான். அந்த ‘இல்லை’யை அறிந்து சொல்லும் அறிவு ஒன்று அங்கே நிற்கிறதே, அதன் பெயர்தான் ஆன்மா என்கிறார் மெய்கண்டார். இல்லை என்ற சொல்லையே உண்டு என்பதற்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறார். இந்தத் துணிச்சலுக்காகவே இந்தச் சூத்திரத்தை எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது ‘எனதுடல் என்றலின்’. என் வீடு, என் சைக்கிள் என்பது போல என் உடம்பு என்கிறாய். உடையவன் உடைமை ஆகமாட்டான். பிறகு, கனவுக்குள் ஒடுங்கியபோதும் அறிகிறாய். ஆழ்ந்த நித்திரையில் மூச்சு ஓடுகிறது, ஆனால் உண்பதும் இல்லை, செய்வதும் இல்லை. மூச்சே நீயானால் நித்திரையிலும் சாப்பிட வேண்டுமே. இப்படிப் போகும்.

முத்தியில் என்ன ஆகும் என்பதற்குத் திருவருட்பயனில் உமாபதி சிவம் சொல்வது ‘தாடலை’. தாள், தலை என்று இரண்டு சொல். சேர்ந்தபோது தாடலை என்று ஒரே சொல். ளகரத்தையும் தகரத்தையும் தனியே பிடித்துக் காட்டு என்றால் முடியாது; இரண்டும் அழிந்துபோயின என்றும் சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு உப்புக் கரைசல் படிப்பித்தவன் நான். கரைந்தது வேறு, இல்லாமற் போனது வேறு.

கோப்பாய் மின்கலம் | வெள்ளி, காலை 7.48

மூளையில் ‘நான்’ என்று தனியாக ஓர் அறை கிடையாது. பல இடங்களில் பல வேலைகள் நடக்கின்றன. அவற்றைக் கோத்து ஒரு கதை உண்டாகிறது. அந்தக் கதைக்கு ‘நான்’ என்று பெயர். மின்சாரம் நின்றால் கதை முடிந்தது. இந்த விடயத்தில் ஜென்னும் விஞ்ஞானமும் ஒரே பக்கம். சித்தாந்தம் பழசு.

ஓய்வுபெற்ற இரசாயனம் | வெள்ளி, காலை 7.55

தம்பி, இதை எழுதியது யார்?

கோப்பாய் மின்கலம் | வெள்ளி, காலை 7.56

என் விரல்.

ஓய்வுபெற்ற இரசாயனம் | வெள்ளி, காலை 7.57

யாருடைய விரல்?

மட்டுறுத்துநர் | வெள்ளி, காலை 8.10

விரல்களுக்குச் சற்று ஓய்வு கொடுங்கள். கேள்வி கேட்டவர் நகைச்சுவைக்காகக் கேட்கவில்லை.

பண்ணைப் பாலம் | வெள்ளி, காலை 10.31

தெருவுக்குத் தெரு விகாரை வருகிறதென்று நாங்கள் கத்திக்கொண்டிருக்கிறோம். இங்கே நீங்கள் புத்தரைச் சுவரில் தேடுகிறீர்கள். பெரியம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், போதும்.

வடலி | வெள்ளி, மாலை 6.15

பண்ணைப் பாலம் அண்ணை, கோபம் விளங்குகிறது. ஆனால் காணிப் பிரச்சினை வேறு, அநாத்மா என்ற பௌத்தக் கொள்கை வேறு. மணிமேகலை தமிழ்க் காப்பியம். அவள் போய் இறங்கிய மணிபல்லவம் நயினாதீவுதான் என்று நம்மவர் பலர் சொல்கிறார்கள். கந்தரோடையின் சிறிய தூபிகள் யாருடையவை என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. இந்தத் தத்துவத்தைப் பற்றித் தமிழில் வாதாட யாரிடமும் நாம் அனுமதி வாங்கத் தேவையில்லை. நம்முடைய ஆட்கள் அதை ஏற்றும் எழுதியிருக்கிறார்கள், எதிர்த்தும் எழுதியிருக்கிறார்கள்.

அக்கா, நான் பல்கலைக்கழகத்தில் பாளி கொஞ்சம் படித்தேன். ஆங்கிலத்தில் அநாத்மாவை இரண்டு விதமாக மொழிபெயர்த்துவிட்டு, எது சரி என்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். நம் மொழியில் அந்த வேறுபாடு கையோடேயே இருக்கிறது. ‘அல்ல’ ஒன்று, ‘இல்லை’ ஒன்று. இது மாடு அல்ல என்பது வேறு, இங்கே மாடு இல்லை என்பது வேறு. புத்தர் அநாத்மாவைப் போதித்த உரையில் ஓர் ஆளாகச் சேர்ந்து நிற்கும் கூறுகளை, ஐந்து கந்தங்களையும், ஒவ்வொன்றாக எடுக்கிறார். மணிமேகலை அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்கள் உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. ஒவ்வொன்றையும் காட்டி ‘இது என்னுடையது அல்ல, இது நான் அல்ல’ என்று பார்க்கச் சொல்கிறார். அல்ல, அல்ல, அல்ல. அந்த வரிசையின் கடைசியில் ‘ஆகவே நீ இல்லை’ என்று ஒரு முத்திரை குத்துவார் என்று எதிர்பார்த்தால் அது வருவதில்லை.

வச்சகோத்தர் என்ற துறவி அவரிடம் நேரடியாகவே கேட்டார்: ஆன்மா உண்டா? புத்தர் பேசாமல் இருந்தார். அப்படியானால் இல்லையா? அதற்கும் பேசாமல் இருந்தார். வந்தவர் எழுந்து போய்விட்டார். ஏன் பதில் சொல்லவில்லை என்று ஆனந்தர் கேட்டபோது கொடுத்த விளக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உண்டு என்றிருந்தால் அழியாத ஒன்று இருக்கிறது என்பவர்களின் கட்சியில் சேர்ந்திருப்பேன். இல்லை என்றிருந்தால் எல்லாம் அழிந்துபோகும் என்பவர்களின் கட்சி. அதோடு, அந்த மனிதர் ஏற்கெனவே குழம்பியிருந்தார்; ‘முன்பு எனக்கு ஆன்மா இருந்தது, இப்போது அதுவும் போய்விட்டதே’ என்று இன்னும் குழம்பியிருப்பார்.

பார்த்தீர்களா, கேட்டவருடைய நிலைமையை நினைத்துப் பதிலை விழுங்கிவிட்டார். உங்கள் குழுக்காரரோ கேட்காத ஒருவருக்கே பதில் அனுப்பியிருக்கிறார், அதுவும் இன்னொருவர் கையில் கொடுத்து.

இன்னொரு கதை இந்த ஊருக்கு நன்றாகப் பொருந்தும். மிலிந்தன் என்ற கிரேக்க வம்சத்து அரசன் நாகசேனர் என்ற துறவியைப் பார்க்கத் தேரில் வருகிறான். நாகசேனர் என்று இங்கே ஓர் ஆள் இல்லை, அது வெறும் பெயர் என்கிறார் துறவி. அரசன் ஏற்கவில்லை. துறவி திருப்பிக் கேட்கிறார்: நீ வந்த தேர் எது? அச்சா? சில்லா? நுகமா? ஒன்றும் தேர் அல்ல. எல்லாவற்றையும் ஒரு குவியலாகப் போட்டால் அது தேரா? அதுவும் அல்ல. இவை இப்படிப் பொருந்தி நிற்கும்போது ‘தேர்’ என்று வழங்குகிறோம். ‘நாகசேனர்’ என்பதும் அந்த மாதிரி ஒரு வழக்கு.

நல்லூரில் இருபத்துநான்காம் திருவிழாவன்று நின்று இதை யோசித்துப் பாருங்கள். தேர் என்று தனியாக ஒரு பொருளைச் சட்டத்துக்குள்ளும் சில்லுக்குள்ளும் தேடினால் அகப்படாது. அதற்காகத் தேர் பொய் என்று சொல்லிக்கொண்டு சில்லுக்கு முன்னால் காலை வைக்க முடியுமா? நாகசேனரும் தேர் இல்லை என்று முடிக்கவில்லை. முடித்திருந்தால் மிலிந்தன் நடந்தல்லவா வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

தேரடிப் புறா | வெள்ளி, மாலை 6.40

தேரடியில் இருக்கும் என்னிடமே தேரைக் கழற்றிக் காட்டுகிறீர்கள். நடக்கட்டும்.

ஓய்வுபெற்ற இரசாயனம் | வெள்ளி, இரவு 8.02

வடலி, நீங்கள் படித்த பிள்ளை என்று தெரிகிறது. ஆனால் அல்ல, இல்லை என்பதைப் பாளியிலிருந்து கொண்டு வந்தது போல எழுதிவிட்டீர்கள். அது நம் இலக்கணக்காரர் வீட்டுச் சண்டை. ‘அத்துவிதம்’ என்ற சொல்லின் முன்னால் நிற்கும் அகரத்துக்கு மூன்று பொருள் சொல்வார்கள்: இன்மை, அன்மை, மறுதலை. இன்மை என்று கொண்டால் இரண்டாவது பொருளே இல்லை, ஒன்றுதான் உண்டு என்று ஆகும், சங்கரர் வழி. சித்தாந்தம் அன்மை என்று கொள்ளும். இரண்டு உண்டு, ஆனால் இரண்டாய்ப் பிரிந்து நிற்பன அல்ல. கண்ணும் வெயிலும் போல. வெயில் இல்லாமல் கண் காணாது. அதற்காகக் கண்ணே இல்லை என்று ஆகிவிடாது. பெரிய பெரிய மடங்களில் ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு இந்த வாதம் நடந்தது.

ஆகவே அநாத்மாவும் அன்மைதான் என்று நீங்கள் சொன்னால், எனக்குப் பாதி வழிக்கு உடன்பாடு. மீதி வழிக்கு இல்லை. இது அல்ல, அது அல்ல என்று தள்ளிவிட்டு, அப்படியானால் எது என்று சொல்லாமல் நிறுத்துவது கொடிகாமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டு யாழ்ப்பாணம் வந்துவிட்டேன் என்பது போல. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்தில், பௌத்தர்களின் நான்கு பிரிவினரையும் நிறுத்தி வைத்துக் கேட்கிறார். கணத்துக்குக் கணம் அழிகிற அறிவென்றால், நேற்றுக் கண்டதை இன்று நினைப்பது எது?

பிள்ளையின் பெரியம்மா பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒருவனை நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைப்பவர் ஒருவர் இல்லாமல் அது எப்படி?

வடலி | வெள்ளி, இரவு 8.30

சேர், சில பேருடைய வீடு கொடிகாமத்திலும் இருக்கலாம்.

அன்மை, இன்மை, மறுதலை என்ற கணக்கு எனக்கு இதுவரை தெரியாது. நன்றி. நினைவு பற்றிய கேள்விக்கு விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவது போல என்று பௌத்தர் சொல்வார்கள். அது உங்களைத் திருப்திப்படுத்தாது என்று எனக்குத் தெரியும். உண்மையில் என்னையும் முழுதாகத் திருப்திப்படுத்தியதில்லை.

ஸ்காபரோ பனி | சனி, அதிகாலை 2.17

இங்கே பகல். பிறந்தது கைதடி, முப்பது வருடமாகக் கனடா. இந்த நகரத்தில் ஒரு ஜென் கோயிலின் குசினியில் ஒன்பது வருடம் வார இறுதிகளில் மரக்கறி வெட்டினேன். தத்துவம் பேச எனக்கு வராது. ஆனால் உங்கள் குழுக்காரர் பேசியதைக் குசினிக்காரர் வாயில் பல தடவை கேட்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

முதலாவது வருடம் எனக்கும் அந்த நோய் வந்தது. அம்மா அப்போது கைதடியில். தொலைபேசி அட்டை வாங்கிப் பேசும் காலம். அப்பாவின் திவசத்துக்கு நான் வரவில்லை என்று அழுதார். நான் மிகுந்த அமைதியோடு, “அம்மா, வருவதற்கு இங்கே ஒருவரும் இல்லை” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு அம்மா, “ஒருவரும் இல்லையென்றால் நான் வைக்கிறேன். அட்டைக் காசு வீணாகிறது” என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் பல ஆசிரியர்களைக் கண்டேன். அந்த மாதிரி ஓர் அடி யாரும் போடவில்லை.

ஜென்காரர்களுக்கு இது தெரியாத நோய் இல்லை. அவர்களிடம் ஒரு பழைய கதை உண்டு. ஒரு கிழவி ஒரு துறவிக்குக் குடிசை கட்டிக் கொடுத்து இருபது வருடம் சோறு போட்டாள். ஆள் எப்படித் தேறியிருக்கிறார் என்று பார்க்க ஓர் இளம்பெண்ணை அனுப்பி, அவரைக் கட்டிப்பிடித்து ‘இப்போது என்ன செய்கிறீர்கள்’ என்று கேள் என்றாள். துறவி சொன்னார்: ‘குளிர்ந்த பாறையில் பட்டமரம். மாரிகாலம். எங்கும் ஒரு சூடு இல்லை.’ நல்ல வரி, ‘நான் இல்லை’ என்பதற்குப் படம் கீறியது போல. கிழவி கேட்டுவிட்டு, இந்த ஆளுக்கா இருபது வருடம் சோறு போட்டேன் என்று அவரை விரட்டிவிட்டுக் குடிசைக்கு நெருப்பு வைத்தாள். பெண்ணைத் தொடவில்லை என்பதற்காக அல்ல. வந்தவளிடம் ஒரு வார்த்தை இரக்கமாகக் கேட்கவில்லை என்பதுதான் அவளுடைய கோபம் என்று எங்கள் கோயிலில் சொல்வார்கள். நான் குசினிப் பக்கம் நின்று யோசித்ததில், சோறு போட்டவளுக்குத்தான் அப்படி நெருப்பு வைக்கும் உரிமை உண்டு என்று தோன்றியது.

தன்னைக் கற்பது தன்னை மறப்பது என்று ஜப்பானிய ஜென் ஆசிரியர் டோகன் (1200–1253) எழுதியதை எல்லோரும் சொல்வார்கள், அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அவர் நிறுத்தவில்லை. தன்னை மறப்பதென்றால் பல்லாயிரம் பொருள்கள் வந்து தன்னை மெய்ப்பிப்பது என்று தொடர்கிறார். சோறு, சட்டி, அம்மாவின் அழுகை எல்லாம் அதில் அடக்கம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஜென்காரர் பயிற்சியின் படிகளைக் காட்டக் கீறிய, மாடு தேடும் பத்துப் படங்களும் அப்படித்தான். எட்டாவது படத்தில் வெறும் வட்டம்: மாடும் இல்லை, இடையனும் இல்லை. சட்டைகளில் அச்சிட்டு விற்பது அந்தப் படத்தைத்தான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு படம் உண்டு. பத்தாவதில் அந்த ஆள் திறந்த மேலோடு சந்தைக்குள் சிரித்துக்கொண்டு வருகிறார். செல்லப்பா சுவாமியின் குரு யார் என்று புறா அண்ணைக்குத் தெரியும்: கடையிற்சுவாமி. யாழ்ப்பாணத்துப் பெரிய கடை என்ற சந்தைக்குள் திரிந்தவர். அந்தப் பத்தாவது படத்தை நான் முதலில் பார்த்தபோது இந்தப் பெயர்தான் ஞாபகம் வந்தது.

கடைசியாக ஒன்று. சீனத்து லியாங் நாட்டுப் பேரரசர் வூ, ஜென்னைச் சீனாவுக்குக் கொண்டுபோனவர் என்று சொல்லப்படும் போதிதர்மரைப் பார்த்து ‘என் முன்னால் நிற்கும் நீர் யார்’ என்று கேட்டாராம். நான் பிரம்மம் என்றோ, யாரும் இல்லை என்றோ அவர் சொல்லவில்லை. ‘அறியேன்’ என்றார்.

தேரடிப் புறா | சனி, காலை 6.12

பனி அவர்களே, அந்த ‘அறியேன்’ என்ற இடத்தில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. செல்லப்பா சுவாமியின் மகாவாக்கியங்கள் நான்கு. எப்பவோ முடிந்த காரியம். ஒரு பொல்லாப்பும் இல்லை. முழுதும் உண்மை. நாம் அறியோம். நான் முதல் பதிவில் முதலாவதை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

‘முழுதும் உண்மை’ என்று ஒன்று அதே வாயிலிருந்து வந்திருக்கிறது. முழுதும் என்றால் பெரியம்மா எடுத்து வைக்கும் பிளாக் கூழும்தானே. தங்கச்சி, குழுக்காரர் சொன்னது சரி, நேரம்தான் பிழை என்று எழுதினேன். அதை மீட்டுக்கொள்கிறேன்.

போதிதர்மர் காஞ்சிபுரத்துத் தமிழர்தானே, சேர்? அப்படியானால் இது நம் சரக்கு.

ஓய்வுபெற்ற இரசாயனம் | சனி, காலை 6.40

அவசரப்படாதீர்கள். தென்னாட்டு அரசகுமாரர் என்பதும் காஞ்சி என்பதும் மரபு. வரலாற்றுச் சான்று மெலிவு. ‘அறியேன்’ நன்றாக இருக்கிறது. அதற்கு உரிமைப்பத்திரம் எழுதத் தேவையில்லை.

சுன்னாகம் சந்தியான் | சனி, காலை 9.05

யாரும் ரமணரைச் சொல்லவில்லையே என்று வந்தேன். ‘நான் யார்’ என்ற விசாரணை முழுவதும் அவருடையது. 1896இல் மதுரையில் மரணபயம் வந்தபோது விறைத்துப்போய்ப் படுத்து, இந்த உடம்பு செத்தால் நான் சாகிறேனா என்று பார்த்தவர். பலரும் நினைப்பது போல அவர் ‘நான் இல்லை’ என்று நம்பச் சொல்லவில்லை. ‘நான்’ என்ற எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்று தேடிப் பார்க்கச் சொன்னார். நம்பிக்கை வேறு, தேடல் வேறு.

அதைவிட எனக்குப் பிடித்தது: 1914இல் தாயார் திருவண்ணாமலைக்கு வந்து கடும் காய்ச்சலில் விழுந்தபோது, தாயைக் காப்பாற்று என்று அருணாசலத்தை வேண்டிப் பாட்டு எழுதினார். தாயும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்று சும்மா இருக்கவில்லை.

கோப்பாய் மின்கலம் | சனி, பிற்பகல் 1.20

நேற்று விளையாட்டாக எழுதியதற்கு மன்னிக்கவும், அக்கா. கதை என்று சொன்னேன். கதை என்றால் பொய் என்று நான் நினைத்து எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் வாசிக்கலாம் என்று இப்போது தெரிகிறது. என் மாமாவும் காணாமற்போனோர் பட்டியலில் இருக்கிறார்.

நீர்வேலி வாழைக்குட்டி | ஞாயிறு, மாலை 4.50

எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். தாளில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

இன்று காலை பெரியம்மா ஒடியல் இடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் இருந்தேன். அன்றைக்குக் கேட்டீர்களே, எனக்கு ஒன்றும் தெரிவதில்லை பெரியம்மா என்று சொன்னேன். “எனக்கும் தெரியாதுதானே” என்றார். உலக்கை நிற்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து, வடலி எழுதிய தேர்க் கதையைச் சொன்னேன். நன்றாகக் கேட்டார். அச்சு, சில்லு, சட்டம் என்று நான் எண்ணிக்கொண்டு போக இடையில் நிறுத்தி, “வடம் பிடிக்கிறவர்களை அந்தச் சாமியார் எண்ணினாரா?” என்று கேட்டார். எண்ணவில்லை என்றேன். “அப்படியானால் அவர் நிற்கிற தேரைத்தான் பார்த்திருக்கிறார்” என்றார். இரசாயனம் சேர், வடலி, இருவரும் இதை எப்படியாவது பிரித்துக்கொள்ளுங்கள்.

குடிசைக்கு நெருப்பு வைத்த கிழவியின் கதைக்குச் சிரித்தார். நான் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்துப் பல நாள். குழுக்காரர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. வரும் புதன்கிழமை கூட்டத்துக்குப் போவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. போனால் அந்தக் கிழவியைப் பற்றித்தான் கேட்பேன்.

பிறகு நடந்ததற்குத்தான் பனி அண்ணையிடம் ஒரு கேள்வி. நானும் உன்னோடு கொஞ்சம் இருந்து பார்க்கட்டுமா என்று கேட்டு, சுவரைப் பார்த்தபடி பெரியம்மா பக்கத்தில் அமர்ந்தார். பத்து நிமிடம் இருந்திருப்பார். முழங்கால் நோகிறது என்று எழுந்தவர், “உனக்கு எண்ணம் வந்து வந்து போகும் என்றாயே, எனக்கு அவன் வந்து அப்படியே இருந்துவிட்டான், போகவில்லை. அது பிழையா?” என்று கேட்டார். நான் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நாளைக்கும் இருப்பாராம்.

ஸ்காபரோ பனி | ஞாயிறு, மாலை 5.31

பிழை இல்லை. வந்தவர் இருக்கட்டும். போகச் சொல்லவும் வேண்டாம், பிடித்து வைக்கவும் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

நிலத்தில் இருத்த வேண்டாம். கதிரை போதும். முதுகை முழுதாகச் சாய்க்காமல், பாதம் இரண்டும் நிலத்தில் படும்படி.

நீர்வேலி வாழைக்குட்டி | ஞாயிறு, மாலை 5.44

பெரியம்மா கட்டை. எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தால் கால் தொங்கும். காலுக்கு அடியில் பலகைக்கட்டை வைக்கலாமா?

ஓய்வுபெற்ற இரசாயனம் | ஞாயிறு, மாலை 5.50

என்னிடம் பழைய வகுப்பறை வாங்கு ஒன்று இருக்கிறது, சிறிய வகுப்புப் பிள்ளைகளுடையது. உயரம் சரியாக இருக்கும். தனிச்செய்தியில் சந்தியைச் சொல்லுங்கள், மகன் நாளை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்குவான்.